சிவப்பு மையில் அடிபட்ட சொல்

நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் சேர்ந்த புதிதில், ஒரு குண்டுவீச்சுச் செய்திக்கு 'பதிலடித் தாக்குதல்' என்று தலைப்பு வைத்தேன். மூத்த உதவி ஆசிரியர் 'பதிலடி'யைச் சிவப்பு மையால் அடித்தார்.

"பதிலடின்னு யார் சொன்னா தம்பி?"

"அந்த நாட்டு அரசாங்கம், சார்."

"அப்போ அவங்க சொன்னதா எழுது. நீ ஏன் சாட்சி சொல்றே?"

மாலையில் 1964 ஆகஸ்ட் மாதப் பழைய பேப்பர் கட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பிரித்தால், அதிலும் 'பதிலடி'.

டோங்கின் வளைகுடாவில் ஆகஸ்ட் 2 அன்று வட வியட்நாம் படகுகள் அமெரிக்கப் போர்க்கப்பல் மாடக்ஸைத் தாக்கியது உண்மை. 4ஆம் தேதி நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. மோசமான வானிலையும், நீருக்கடியில் வரும் ஒலியைக் கேட்டுச் சொல்லும் சோனார் கருவி ஆட்களின் பதற்றமும் காரணமாக இருக்கலாம், முழுதாக ஆராயுங்கள் என்று அங்கிருந்த தளபதியே அன்று செய்தி அனுப்பியிருக்கிறார். அமெரிக்க அதிபர் ஜான்சன் பொறுக்கவில்லை, 'பதிலடி' என்று வட வியட்நாம் மீது குண்டுவீச விமானங்கள் கிளம்பின. 7ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், படையை இறக்க அவர் கேட்ட அதிகாரத்தைக் கொடுத்தது. பிரதிநிதிகள் சபையில் எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை; செனட்டில் இரண்டே இரண்டு.

போர்ப் பிரகடனம் எந்தத் தேதியில் என்று தேடித் தேடிப் பார்த்தேன். அப்படி ஒன்று கடைசிவரை வரவேயில்லை. 1965 மார்ச்சில் தென் வியட்நாமின் தா நாங் விமானத் தளத்துக்குக் காவலாக 3,500 அமெரிக்க மரைன் படையினர் இறங்கினார்கள். ஏப்ரலில் காவல் வேலை தாக்குதல் வேலையானது, வெளியே அதிகம் பேச வேண்டாம் என்ற உத்தரவோடு. ஜூலை 28 அன்று படையை 75,000இலிருந்து 1,25,000ஆக உயர்த்துவதாக ஜான்சன் அறிவித்தார். நாடே டிவி முன் உட்காரும் இரவில் அல்ல, நண்பகல் நிருபர் கூட்டத்தில். அதே கூட்டத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நியமனமும் அறிவித்தார். எந்தச் செய்தியை எதோடு சேர்த்துப் புதைப்பது என்பது செய்தி மேஜையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்த வித்தைதான். ஒரு அதிபர் அதைச் செய்ததைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. பெரிய விவாதம் கிளம்பினால் தன் நலத்திட்ட மசோதாக்கள் கவிழும் என்று அவருக்குப் பயம். அவற்றில் ஒன்றான மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் இரண்டு நாள் கழித்துக் கையெழுத்திட்டார். 1969இல் அங்கே இருந்த அமெரிக்கப் படை ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்தது.

2022 பிப்ரவரி 24. உக்ரைனுக்குள் ரஷ்யப் படை நுழைந்த நாள். அவசரத்தில் புதின் சொன்ன 'சிறப்பு ராணுவ நடவடிக்கை'யை அப்படியே தலைப்பில் இறக்கிவிட்டேன். மறுநாள் விடிவதற்குள் அந்த மூத்த உதவி ஆசிரியரிடமிருந்து போன். அவர் ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது.

"மேற்கோள் குறி எங்கே தம்பி?"

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.