பிரிட்டோடு ஒரு வாரம்

மார்ச் 3
பகத்சிங்கின் அப்பீல் பற்றித் தேடப் போய் வேறொரு ஆளிடம் மாட்டிக்கொண்டேன். 1931 பிப்ரவரியில், லண்டன் பிரிவி கவுன்சிலில் (காலனிகளின் கடைசி அப்பீல் கோர்ட்) பகத்சிங் தரப்புக்கு வாதாடியவர் டி. என். பிரிட் என்ற ஆங்கிலேய பாரிஸ்டர். மனு தள்ளுபடியானது. மார்ச் 23 அன்று தூக்கு.

மார்ச் 4
அவரது அடுத்த கட்சிக்காரர், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த வியட்நாம் புரட்சியாளர் ஹோ சி மின்! ஹாங்காங்கில் பிடிபட்டவரைப் பிரெஞ்சுக்காரர்களிடம் அனுப்பினால் தலை தப்பாது. பிரிவி கவுன்சிலில் அவருக்காக பிரிட். எதிர்த்தரப்பில் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ். ஆமாம், 1942ல் டெல்லிக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினாரே, அவரேதான். இருவருமே லேபர் கட்சிக்காரர்கள். 1932ல் சமரசத்தில் முடிந்தது.

மார்ச் 6
இன்று முழுக்க கென்யா. 1952 டிசம்பரில் விடுதலை இயக்கத் தலைவர் ஜோமோ கென்யாட்டா உட்பட ஆறு பேர் மீது மௌ மௌ (பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஆயுதக் கிளர்ச்சி) வழக்கு. நைரோபியில் நடத்தினால் கூட்டம் சேரும் என்று கபெங்குரியா என்ற வனாந்தரத்துக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூட வகுப்பறைதான் கோர்ட். வக்கீல்கள் தங்கியது நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கிடாலேயில். தினமும் கார் பயணம். (இங்கே வாய்தாவுக்கு தாம்பரம் தாண்டவே எனக்கு அலுப்பு.) நீதி மறுக்கப்படுகிறது என்று லண்டனுக்குத் தந்தி அடித்ததற்காக பிரிட் மீதே அவமதிப்பு வழக்கு போட்டார்கள், தப்பித்துவிட்டார். கென்யாட்டாவுக்கு ஏழு ஆண்டு கடுங்காவல். முக்கிய சாட்சி ராசன் மச்சாரியா 1958ல் பொய் சொன்னதாகப் பிரமாணப் பத்திரமே தாக்கல் செய்தார்.

மார்ச் 7
கோர்ட் வேலை. பிரிட்டின் அரசியல் மட்டும் படித்தேன். 1935ல் லண்டனின் ஹாமர்ஸ்மித் நார்த் தொகுதியில் லேபர் எம்.பி. 1940ல் பின்லாந்து மீதான சோவியத் படையெடுப்பை ஆதரித்ததால் கட்சி நீக்கியது. 1945ல் சுயேச்சையாக நின்று அதே கட்சி வேட்பாளரைத் தோற்கடித்தார். 1950ல் தோல்வி.

மார்ச் 9
சரி, இதுதான் தொண்டையில் சிக்குகிறது. 1936 ஆகஸ்டில் மாஸ்கோவில், ஸ்டாலினின் பழைய கட்சிச் சகாக்கள் ஜினோவியேவ், காமெனேவ் உள்ளிட்ட 16 பேர் மீதான விசாரணையை பிரிட் நேரில் பார்த்தார். பெரும்பாலும் ஒப்புதல் வாக்குமூலத்தை நம்பிய வழக்கு. 16 பேரையும் சுட்டுவிட்டார்கள். இவரோ விசாரணை நியாயமாகத்தான் நடந்தது என்று சிறு நூலே எழுதினார். போலீஸ் காவலில் வாங்கிய ஒப்புதலை எந்த ஜூனியரும் முதலில் சந்தேகப்படுவான். சீனியரிடம் கேட்டேன். “நம்ம கட்சிக்காரன் சொன்னா நாமளும் குறுக்கு விசாரணை பண்ண மாட்டோமே தம்பி” என்று சிரித்துவிட்டு கேஸ் கட்டை அவிழ்க்கப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 11
1954, சிங்கப்பூர். ‘ஃபஜார்’ என்ற மாணவர் இதழில் வந்த கட்டுரைக்காக எட்டு மாணவர்கள் மீது ராஜதுரோக வழக்கு. அருட்சோதி, ராஜகுமார் என்று நம் காதுக்குப் பழகிய பெயர்களும் உண்டு. வாதாடியவர் பிரிட். ஜூனியராக லீ குவான் யூ! முகாந்திரமே இல்லை என்று எட்டுப் பேரும் விடுதலை.

அப்புறம் 1963ல் சிங்கப்பூரில் பெரிய கைது வேட்டை. பிடிபட்டவர்களில் அந்த எட்டுப் பேரில் ஒருவரான போ சூ காய். விசாரணை கிடையாது. அப்போது பிரதமர் லீ குவான் யூ.