பாடம் நடத்துகிறவருக்கே பரீட்சை

பணியில் இருக்கும் ஆசிரியர்களும் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும், எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஓய்வு பெறும் வருஷத்தை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தோம். ஐந்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் பாக்கி இருந்தால் இரண்டு வருஷத்துக்குள் தேறியாக வேண்டும். நான் 2009-இல் வேலைக்குச் சேர்ந்தவன். எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் பாக்கி. தப்ப வழியில்லை.

நான் எழுத வேண்டியது இரண்டாம் தாள். மொத்தம் 150 கேள்வி: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, சமூக அறிவியல் 60. "சோசியல் உங்களுக்கென்ன சார், தூங்கிக்கொண்டே எழுதுவீர்கள்" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். அங்கேதான் சிக்கல். எங்கள் பள்ளி வந்தவாசிப் பக்கம். 1760-இல் இங்கே ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்ற கதையை ஒரு பீரியட் முழுக்கச் சொல்வேன். தோற்றுப் போனவரை பிரான்சில் தலையை வெட்டினார்கள் என்றதும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். ஆனால் தேர்வில் லாலியின் தலையா வரப்போகிறது? மூன்றாம் கர்நாடகப் போரை முடித்த உடன்படிக்கை எது என்றுதான் கேட்பார்கள். பாரிஸ், 1763. அதோடு மைசூர்ப் போர்களின் உடன்படிக்கைகளும் சேர்ந்துகொள்ளும்: சென்னை 1769, மங்களூர் 1784, ஸ்ரீரங்கப்பட்டணம் 1792. வகுப்பில் இவற்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு நகர்ந்துவிடுகிறவன் நான். இப்போது பொருத்துக கேள்விக்காக ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறேன். பிளஸ் டூ படிக்கும் மகள்தான் கேள்வி கேட்கிறாள். கொஞ்சமும் இரக்கம் கிடையாது அவளுக்கு.

பயந்தது உளவியலுக்குத்தான். பி.எட். முடித்ததோடு மறந்த கோல்பர்க்கின் ஒழுக்க வளர்ச்சிப் படிநிலைகள் எத்தனை தடவை படித்தும் ஒட்டவில்லை. அப்புறம் என் எட்டாம் வகுப்பையே அதில் உட்கார வைத்துப் பார்த்தேன். சார் திட்டுவார் என்று வீட்டுப்பாடம் எழுதுகிறவன் முதல் படி. எழுதினால் விளையாட விடுவார் என்று எழுதுகிறவன் இரண்டாவது. நல்ல பையன் என்று பேர் வாங்க எழுதுகிறவன் மூன்றாவது. விதி என்றால் விதிதான் என்று அடுத்தவன் நோட்டையும் எட்டிப் பார்த்துப் புகார் சொல்கிறாளே வகுப்புத் தலைவி, அவள் நான்காவது. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் ஆள் கிடைக்கவில்லை, அவற்றை உருப்போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

கோச்சிங் சென்டர் கைடு எதுவும் வாங்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அரசுப் பாடநூல்கள், குறிப்பாக வரைபடத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பவை. நாம் எப்போதும் தாண்டிப்போகும் பெட்டிச் செய்திகளும்தான். குடிமையியல் சீக்கிரம் முடிந்துவிட்டது. புவியியலில் பூமியின் உள்ளடுக்குகளைப் பிரிக்கும் எல்லைகளான மோஹோவும் குட்டன்பர்க்கும் என் நினைவில் இன்னும் இடம் மாறுகின்றன.

ஆங்கிலம் 30-ஐப் பற்றிப் பேச வேண்டாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அது போதும். தேர்வன்று சமூக அறிவியல் 60-ஐயும் முதலில் ஷேடு பண்ணிவிட்டுத்தான் அந்தப் பக்கம் திரும்புவதாக இருக்கிறேன்.