சரளைக்கல் சத்தமும் இரண்டு மாத அலைச்சலும்

வால்வைத் தாண்டியதும் பைப்புக்குள் யாரோ சரளைக்கல்லைக் கொட்டுவது போலச் சத்தம். 100 மில்லிமீட்டர் வெந்நீர் லைன், 80 டிகிரி, கட்டுப்பாட்டுக்கு ஒரு பட்டர்ஃபிளை வால்வு (பைப்புக்குள் வட்டத் தட்டு, அதாவது டிஸ்க், திரும்பித் திறந்து மூடும் வகை). வால்வு கொடுத்தவர்களிடம் சொன்னால், "வால்வில் குறை இல்லை, உங்கள் லைனில்தான் டர்புலன்ஸ் (நீர் சுழன்று கொந்தளித்து ஓடுவது) அதிகம்" என்று முடித்துவிட்டார்கள். அதை நம்பி சப்போர்ட்டுகளைக் கூட்டினோம். வால்வுக்கு முன்னால் நேர்ப் பைப்பை விட்டத்தைப் போல் 10 மடங்குக்கு நீட்டினோம். அதிர்வு கொஞ்சம் தணிந்தது, சத்தம் அப்படியே இருந்தது. இரண்டு மாதம் வீண்.

அப்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டும். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அந்த லைனின் ரேனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா, டர்புலன்ட்டா என்று காட்டும் எண்) 5 லட்சத்துக்கு மேல். 4000ஐத் தாண்டினாலே டர்புலன்ட்தான். சத்தமே போடாத பக்கத்து லைன்களும் அப்படித்தான் ஓடுகின்றன.

கழற்றிப் பார்த்தால், டிஸ்க்கின் பின்புறம் ஸ்பாஞ்சு போலப் பொத்தல் பொத்தலாக இருந்தது. வெறும் அரிப்பு என்றால் வழவழவென்று தேய்ந்திருக்கும். இது கேவிட்டேஷன், அதாவது அழுத்தம் சரிந்து நீரில் ஆவிக் குமிழிகள் உண்டாகி உடைவது என்றேன். "வால்வுக்கு வெளியே 2 பார் இருக்கிறது, 80 டிகிரியில் ஆவி அழுத்தம் (இதற்குக் கீழே போனால்தான் நீர் ஆவியாகும்) 0.47 பார்தானே, எப்படிக் குமிழி வரும்?" என்றார்கள் வால்வு கொடுத்தவர்கள். அழுத்தம் காட்டும் கேஜ் இருந்ததோ வால்வைத் தாண்டி, அழுத்தம் மீண்ட இடத்தில். டிஸ்க்கின் இடுக்கில் வேகம் கூடி அழுத்தம் சரிவதை அது காட்டாது. அங்கே உண்டாகும் குமிழிதான் வெளியே வந்ததும் உடைந்து உலோகத்தைக் குடைகிறது.

நிரூபிக்க வால்வின் எஃப்.எல். மதிப்பு (இடுக்கைத் தாண்டியதும் அழுத்தம் எவ்வளவு மீள்கிறது என்பதைக் குறிக்கும் எண்) வேண்டும். டேட்டா ஷீட்டில் அந்தக் கட்டம் காலி. மூன்று முறை கேட்டு, நேரிலும் போய் வந்தேன். "பழைய மாடல், தாள் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் இந்த வகை வால்வுக்கு வழக்கமாக எடுக்கும் 0.65ஐ வைத்தே போட்டேன். வால்வுக்குள் நுழையும் அழுத்தம் 6 பார் (எல்லாமே அப்சல்யூட் கணக்கு, அதாவது காற்றழுத்தத்தையும் சேர்த்தது; இதில் தவறாதீர்கள்). எல்லை சுமார் 2.3 பார் இறக்கம்; நாங்கள் இறக்கியது 4.

குளோப் வால்வின் 0.9க்கு எல்லை 4.5 பார் வரை வருகிறது. அதை நம்பிச் சாதாரண குளோப் வாங்கிவிடாதீர்கள். ஓட்டம் அதற்கு மேல் கூடாமல் நின்றுவிடும் எல்லை அது. குமிழி அதற்கு வெகு முன்பே தொடங்கும். அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கும் ட்ரிம் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் உள்பாகங்கள்) உள்ள குளோப்பைப் போட்டோம்.

ஓடவிட்ட அன்று லைன் பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பேச முடிந்தது. மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்த்தோம். ட்ரிம்மில் ஒரு பொத்தல் இல்லை.