வி-லுக்கப்பில் தவறிய ஒரு நிரல்: கட்டமைப்புச் செய்முறைத் தேர்வு அனுபவம்

நேற்று வெளியான முடிவுகளில், மேத்கேட் என்னும் கணக்கீட்டு மென்பொருளில் செய்யும் கட்டமைப்புப் பகுப்பாய்வுக் கணினி செய்முறைத் தேர்வின் அரியர் எனக்குத் தீர்ந்துவிட்டது. முதல் முறை நான் தோற்றது பகுப்பாய்வு தெரியாமல் அன்று. விறைப்பு அணியும் உறுப்பு விசைகளும் சரியாகவே வந்திருந்தன. விடைகளை அடுக்கிய அணிக்குப் பெயரிட்டு, வேண்டிய எண்ணை அதிலிருந்து எடுக்கும் கடைசி ஐந்து நிமிட வேலையில்தான் தவறினேன்.

வினா ஒரு சமச்சீர் போர்ட்டல் சட்டகம் (இரு தூண்கள், மேலே ஒரு உத்தரம்). உறுப்புப் பெயர்களை அணியின் முதல் நிரலாகவும் (column), அச்சு விசை, வெட்டு விசை, வளைவுத் திருப்புத்திறன் ஆகியவற்றை அடுத்தடுத்த நிரல்களாகவும், அணிகளைப் பக்கவாட்டில் இணைக்கும் ஆக்மென்ட் கொண்டு ஒட்டியிருந்தேன். அச்சு விசை இரண்டாவது நிரலில் இருக்கிறதே என்று வி-லுக்கப்பில் (முதல் நிரலில் தேடி, அதே வரிசையில் நாம் சொல்லும் நிரலில் உள்ளதைத் தரும் செயற்கூறு) நிரல் எண்ணாக 2 கொடுத்தேன். எங்கள் ஆய்வகத்தில் இருந்த மேத்கேட் 15-இல், எண்ணிக்கை எதிலிருந்து தொடங்குகிறது என்பதைச் சொல்லும் ஒரிஜினின் தொடக்க மதிப்பு 0 என்பதால், 2 என்பது மூன்றாவது நிரலைக் குறிக்கும். 186 வரவேண்டிய இடத்தில் 22.4 வந்தது. இரண்டும் கிலோநியூட்டனில் இருந்ததால் மென்பொருள் எந்தப் பிழையையும் காட்டவில்லை; நானும் அந்த வெட்டு விசையையே அச்சு விசையாகக் கொண்டு தூணை வடிவமைத்து முடித்துவிட்டேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தேர்வாளர் அந்த எண்ணின்மேல் விரலை வைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நாளின் வருத்தம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

இரண்டாம் முறை, மேத்கேட் தாளின் மேற்பகுதியிலேயே ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு மாறியை வரையறுத்தேன்: பெயருக்கு 0, அச்சு விசைக்கு 1, வெட்டு விசைக்கு 2, திருப்புத்திறனுக்கு 3. அதன்பின் எந்த வி-லுக்கப்பிலும் நிரல் எண்ணைத் தட்டச்சு செய்யவே இல்லை. இது ஒன்றை மட்டும் செய்தாலே போதும் என்பேன். ஒரிஜினை 1 ஆக மாற்றிக்கொள்ளச் சிலர் சொல்வார்கள். பாதி வேலையில் மாற்றினால் ஏற்கெனவே எழுதிய எல்லாக் கீழ்க்குறிகளும் (அணியில் இடத்தைச் சுட்டும் எண்கள்) வேறு இடத்தைக் குறிக்கத் தொடங்கிவிடும் என்பதால், பதற்றப்படும் இயல்புடைய எனக்கு அது ஒத்துவராது.

மற்றவை சுருக்கமாக:

- லுக்கப் (ஒரு நிரலில் தேடி, இன்னொரு நிரலில் அதே இடத்தில் உள்ளதைத் தருவது), வி-லுக்கப் இரண்டும் விடையை வெக்டராகத் தருகின்றன. ஒரே விடையானாலும் கீழ்க்குறி 0 இட்டு எடுத்த பிறகே அடுத்த சூத்திரத்துக்குக் கொடுங்கள்.

- சுமையும் சமச்சீராக இருந்தால், சமச்சீர் சட்டகத்தில் பெரும அச்சு விசை இரு தூண்களிலும் வரும்; அதை வைத்து உறுப்பின் பெயரைத் தேடினால் இரு பெயர்கள் கிடைக்கும். கீழ்க்குறி இடுமுன் வெக்டரை முழுதாகக் காட்டிப் பாருங்கள். இல்லையென்றால் இடது தூண் மட்டுமே விடையில் இருக்கும்.

- அமுக்க விசை எதிர்க்குறியில் இருந்தால், பெரும மதிப்பைத் தரும் மேக்ஸ் அதைத் தேர்ந்தெடுக்காது. அதற்காக நிரலுக்கு மட்டுக்குறி (| |) மட்டும் போட்டால் வெக்டரின் பருமன் ஒற்றை எண்ணாக வந்து நிற்கும். மேலே வெக்டரைஸ் அம்புக்குறியும் சேர்த்தால்தான் உறுப்புவாரியாக மதிப்பு கிடைக்கும்.

- தேடும் எண் எவ்வளவு நெருங்கினால் பொருந்தியதாகக் கொள்வது என்பதை டி.ஓ.எல். (TOL) என்னும் அமைப்பு மாறி தீர்மானிக்கிறது, தொடக்கத்தில் அது 0.001. மீட்டரில் எழுதிய சிறிய இடப்பெயர்ச்சிகளைத் தேடுமுன் அதைக் குறைத்துவிடுங்கள்.

இம்முறை விடைத்தாளில் இரண்டு தூண்களின் பெயர்களையும் எழுதி, பக்கத்தில் 186 என்று குறித்தேன். அந்த எண்ணை மட்டும் கணிப்பானில் கையால் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் தாளை அச்சுக்குக் கொடுத்தேன்.