மூக்கை நம்பும் வேலை

இன்று முழுக்க கோர் பெட்டிகளோடுதான் பொழுது போனது. கோர் என்றால், துளைபோட்டு எடுத்த பாறை உருளை. உதய்பூர் வெயில், தலையில் ஈரத்துண்டு. 150 கோடி வருஷத்துக்கும் முன்னால் கடலடியில் படிந்த டோலமைட் பாறை. காய்ந்திருந்தால் சிமெண்டுத் துண்டு மாதிரிதான் இருக்கும். தண்ணீர் தெளித்தால் நெளிநெளியாகப் பழுப்புக் கீற்று எழும். அதைக் கத்தியால் சுரண்டி, பொடியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. டோலமைட் பொடியும் நுரைக்கும், அதனால் நுரையை நம்பக்கூடாது. அழுகின முட்டை நாற்றம் வந்தால் ஸ்பேலரைட், துத்தநாகத் தாது!

பாறைக்குள் ஊறிய சூடான உப்புநீர் உலோகத்தைக் கரைத்துக் கொண்டுவரும். கந்தகம் கிடைத்த இடத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அந்த இடத்தைத் தேடித்தான் இத்தனை துளை.

பக்கத்தில் ஜாவர், துத்தநாகச் சுரங்க ஊர். அங்கே பழைய துத்தநாக உலையின் மண்குடுவைகள், நம்மூர்க் கத்தரிக்காய் வடிவில், குவியல் குவியலாகக் கிடக்கின்றன. வீட்டுச் சுவருக்கே அதை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். துளைபோடும் எந்திரமெல்லாம் இல்லாத காலம். மேலே துருப்பிடித்துச் சிவந்த பாறையைப் பார்த்தே தோண்டியிருப்பார்கள் போல. மேலே தெரிந்ததை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், ஒளிந்திருப்பது எங்கள் தலையில்!

இன்றைய ஏழு பெட்டியில் நாறியது ஒன்றுதான். கை கழுவியும் போகவில்லை. மெஸ்ஸில் பக்கத்து நாற்காலி காலி.