பழைய சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆஸ்பெஸ்டாஸால் நுரையீரல் கெட்டவர்களுக்கு இழப்பீட்டு மனு தயாரிக்கும் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஸ்கேன், பயாப்ஸி அறிக்கைகள் எப்படியோ கைக்கு வந்துவிடும். வந்தவர் எந்த வருடம், எங்கே, என்ன வேலை செய்தார் என்று கேட்டு எழுதுவதில்தான் என் நாளில் பாதி போகிறது.

"நான் ஆஸ்பெஸ்டாஸ் வேலையே பார்த்ததில்லை சார்" என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். பாய்லர் ஃபிட்டராக இருந்த ஒரு பெரியவரும் அப்படித்தான் சொன்னார். அவருக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரை ஷீட் மட்டும்தான். நீராவிக் குழாய் கசிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மேல்பூச்சைச் சுத்தியலால் தட்டி உடைப்போம், உள்ளே சுற்றியிருப்பதைக் கையாலேயே பிய்த்துப் போடுவோம் என்றார். பாய்லர் கதவுக்கு வெள்ளைக் கயிறு வைத்து அடைப்பது, குழாய்கள் சேரும் ஃபிளாஞ்சில் ஒட்டிக் காய்ந்த கேஸ்கெட்டைச் சுரண்டுவது, ஷிஃப்ட் முடியும்போது எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்குவது என்று வரிசையாக வந்தது. "தூசி பறக்கும். மூக்குல துண்டக் கட்டிக்குவோம்." அந்தக் காலத்தில் குழாயில் சுற்றியதும் கயிறும் கேஸ்கெட்டும் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ்தான். மனுவுக்கு வேண்டியதில் பாதி அந்தப் பேச்சிலேயே இருந்தது. துண்டு என்னத்தைத் தடுக்கும்? நுரையீரலின் அடிவரை இறங்கும் இழைகள் கண்ணுக்கே தெரியாதவை.

இறங்கியவற்றில் பலவற்றை உடலால் வெளியேற்ற முடிவதில்லை. ஆஸ்பெஸ்டோசிஸ் வந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகும். அதை மீட்கும் மருந்து கிடையாது. நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் 20 முதல் 50 வருடம் கழித்தே தலைகாட்டுகிறது. கணவரின் வேலை உடுப்பைத் துவைத்த பெண்களுக்கும் அது வந்திருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸில் கிரைசோடைல் என்ற வெள்ளை ரகம் பரவாயில்லை என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். எல்லா ரகமும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் முடிவு.

அத்தனை வருடத்துக்குள் ஆலை கைமாறியிருக்கும், அல்லது மூடியிருக்கும். வருகைப் பதிவேடு கரையானுக்குப் போயிருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் பொருள்கள் செய்த அமெரிக்காவின் ஜான்ஸ்-மேன்வில் போன்ற பெரிய நிறுவனமே வழக்குகள் குவிந்ததால் 1982இல் திவால் பாதுகாப்பு கேட்டுப் போனது.

சட்டமும் இந்த நோயின் வேகத்துக்கு மெதுவாகத்தான் பழகியது. 1963இல் பிரிட்டனில் கார்ட்லெட்ஜ் வழக்கில், சிலிக்கா தூசியால் நுரையீரல் கெட்ட வார்ப்பாலைத் தொழிலாளர்கள் தோற்றார்கள். நோய் இருப்பதே தெரியாத காலத்தில் வழக்குப் போட அவர்களுக்கிருந்த காலக்கெடு முடிந்துவிட்டதாம்! அந்த அநியாயம் உறைத்து, அதே வருடம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இன்று பல நாடுகளில் நோய் தெரியவந்த நாளிலிருந்து கெடு ஓடுகிறது. 2002இல் ஃபேர்சைல்ட் வழக்கு இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. பல முதலாளிகளிடம் வேலை பார்த்தவருக்கு யாருடைய தூசியால் மீசோதீலியோமா வந்தது என்று நிரூபிக்க முடியாவிட்டாலும், ஆபத்தைக் கூட்டிய முதலாளி பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றது அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை.

எனக்கு மிகவும் பிடித்தது 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் மருத்துவப் பதிவை, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம் அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. இந்த நோயின் கணக்கைப் புரிந்துகொண்டவர்கள் எழுதிய வரி அது. ஆனால் ஆலை வைத்திருக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, சேமநிதிக் கணக்கு, யூனியன் சந்தா ரசீது, ஆலை வாசலில் எடுத்த குழுப்படம்கூட எனக்கு ஆதாரம்தான்.

மருத்துவரிடமும் முழு வேலை வரலாற்றைச் சொல்லி எழுத வைக்க வேண்டும். "புகைபிடிப்பவர்" என்று மட்டும் கேஸ் ஷீட்டில் இருந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். மீசோதீலியோமாவுக்கும் புகைக்கும் சம்பந்தமில்லை. நுரையீரல் புற்றுநோயில் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகிறது. புகைத்தார் என்பதால் தூசியின் பங்கு மறைந்துவிடாது.

காகிதமே இல்லாதபோது கூட வேலை பார்த்தவர்களின் சாட்சிதான் கைகொடுக்கும். அவர்கள் சுவாசித்ததும் அதே தூசியைத்தான். அதனால் வாக்குமூலம் கேட்டு அவர்களைக் கூப்பிடும்போது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கடைசியாக எப்போது நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தீர்கள் என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.