அப்பர் ஈஸ்ட் சைடில் ஒரு ஸ்டுடியோ: போர்டு சம்மதம் வாங்குவதற்குள்

நியூயார்க்கில் கோ-ஆப் (குடியிருப்பவர்களே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனிக்குச் சொந்தமான அடுக்குமாடிக் கட்டடம்) ஒன்றில் வீடு வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்குங்கள். 2023-இல் மன்ஹாட்டன் அப்பர் ஈஸ்ட் சைடில், செகண்ட் அவென்யூவுக்குக் கிழக்கே, அறுபதுகளில் கட்டிய வெள்ளைச் செங்கல் கோ-ஆப் கட்டடம் ஒன்றில் ஸ்டுடியோ, அதாவது ஒற்றை அறை வீடு, வாங்கினேன். விலை 4,50,000 டாலர். பேரம் சீக்கிரமே படிந்துவிட்டது. கட்டடத்தை நடத்தும் பங்குதாரர் குழுவான போர்டின் சம்மதம் வாங்குவதற்குள் பட்ட பாடுதான் இன்னும் மனதில் ஆறவில்லை.

கோ-ஆப்பில் நமக்கு வருவது கம்பெனியின் பங்கும், நம் வீட்டில் குடியிருப்பதற்கான குத்தகைப் பத்திரமும்தான். போர்டு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இனம், மதம், பிறந்த நாடு பார்த்து மறுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் காரணமே சொல்லாதவர்கள் மேல் அதை எப்படி நிரூபிப்பது? ஓட்டை இல்லாத விண்ணப்பம் கொடுப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இதே பகுதியில் நல்ல ஸ்டுடியோ ஒன்று பாதி விலைக்கு வந்தது. புரோக்கர் அவசரப்படுத்தினார். மெயின்டெனன்ஸ் (கோ-ஆப்புக்கு மாதாமாதம் கட்டும் பணம்) ஏன் இவ்வளவு அதிகம் என்று வக்கீல் கேட்ட பிறகுதான், கட்டடம் நிற்கும் நிலம் வேறொருவருடையது, கோ-ஆப் அதற்கு வாடகை கட்டுகிறது என்று தெரிந்தது. நிலக் குத்தகை புதுப்பிக்கப்படும்போது அந்த வாடகை எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. விலை மலிவாகத் தெரிந்தால் நிலம் யாருடையது என்று முதலில் கேளுங்கள்.

நான் வாங்கிய கட்டடத்தில் 25 சதவீதம் முன்பணம். மாதக் கடன் தவணையும் மெயின்டெனன்ஸும் சேர்ந்து வருமானத்தில் 28 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. க்ளோசிங் (பணம் கொடுத்துப் பங்கு நம் பெயருக்கு மாறும் நாள்) முடிந்த பிறகும் இரண்டு வருடச் செலவுக்கான பணம் கையில் இருக்க வேண்டும். எனக்குத் தவணையும் மெயின்டெனன்ஸும் சேர்த்து மாதம் 3,400 டாலர் சொச்சம். அப்படியானால் 80,000-க்கு மேல் சும்மா இருக்க வேண்டும். ஓய்வூதியக் கணக்கில் இருப்பதைப் பல போர்டுகள் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் போர்டும் எடுக்கவில்லை. இந்த விதிகள் விளம்பரத்தில் இருக்காது. விலை பேசுவதற்கு முன்பே புரோக்கரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வக்கீல் போர்டின் கூட்டக் குறிப்புகளைப் படித்தார். இந்த ஊரில் ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வெளிச்சுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். அடுத்த சோதனைக்குப் பிறகு சுவரைப் பழுதுபார்க்கப் பங்குதாரர்களிடம் தனி வசூல் வரலாம் என்று குறிப்பில் இருந்தது. அதைக் காட்டி விலையில் கொஞ்சம் குறைத்தோம். வக்கீலுக்குக் கொடுத்த பணத்தில் இந்த வாசிப்புக்குத்தான் முழு மதிப்பு.

அப்புறம் விண்ணப்பம். வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், இப்போதைய வீட்டுக்காரரின் கடிதம், நண்பர்கள் கடிதம், அலுவலகக் கடிதம். எல்லாம் சேர்ந்து ஒரு புத்தகம் அளவுக்கு வந்தது. கட்டடத்தை நிர்வகிக்கும் கம்பெனிக்குப் போன் செய்தபோது, போர்டில் உள்ளவர்களுக்கு ஆளுக்கொரு செட் அச்செடுத்து நேரில் கொடுங்கள் என்றார் ஒருவர். அரை நாள் விடுப்பு எடுத்து, கனமான பெட்டியோடு மிட்டவுனில் இருக்கும் அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை. "இப்போது எல்லாம் ஆன்லைன்தான்" என்றார். போனில் சொன்னவர் யார் என்று கேட்டேன். தெரியாது என்றார். போனில் யார் எதைச் சொன்னாலும் உடனே ஒரு மின்னஞ்சலில் எழுதி உறுதி கேளுங்கள்.

ஆன்லைனில் ஏற்றினேன். பதிலே இல்லை. போர்டு மாதம் ஒருமுறைதான் கூடும். கூட்டத்துக்கு முந்தின நாள் ஒரு வரி வந்தது: விண்ணப்பம் முழுமையாக இல்லை, வங்கிக் கணக்கில் ஒரு பக்கம் காணோம். தேடிப் பார்த்தால், 'இந்தப் பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டுள்ளது' என்று மட்டும் அச்சான பக்கம் அது! நான் ஏற்றிய கோப்பில் அது இருந்தது. அங்கே போர்டுக்காகத் தொகுத்தவர் வெறும் பக்கம் என்று எடுத்துவிட்டிருக்கிறார். அடுத்தவரோ 'ஆறில் ஐந்துதான் இருக்கிறது' என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். ஏற்றிய நேரத்தோடு ரசீதை அனுப்பினேன். தவறு அவர்களுடையது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கூட்டம் முடிந்துவிட்டது. அடுத்தது ஒரு மாதம் கழித்துத்தான்.

வீட்டுக்கடன் வட்டி 7 சதவீதத்தைத் தாண்டி 8-ஐ நெருங்கிக்கொண்டிருந்த இலையுதிர்காலம் அது. க்ளோசிங் வரை ஏறாமல் இருக்க வங்கியில் பூட்டி வைத்த வட்டி அதற்குள் காலாவதியாகும். நீட்டிக்கப் பணம் கட்டினேன். அந்தப் பணத்தை யாரிடம் கேட்பது? பக்கத்து வெஸ்ட்செஸ்டரில் போர்டு பதில் சொல்லக் கெடு உண்டு. அப்போது நியூயார்க் நகரத்தில் அப்படி எதுவும் இல்லை. கோ-ஆப் என்றால் வட்டியை 90 நாளுக்குக் குறையாமல் பூட்டுங்கள்.

அந்த மாதத்தில் இன்னொரு கேள்வி வந்தது. முன்பணத்தில் ஒரு பகுதி சென்னையிலிருந்து அப்பா அனுப்பியது. அவர் வங்கிக் கணக்கில் இனிஷியலும் பெயரும். பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் முழுசாக, அப்பா பெயருக்குப் பின்னால். என் பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். அனுப்பியவர் யார், அப்பா யார், இருவரும் வேறு ஆட்களா என்று கேட்டார்கள். நம் ஆட்கள் எல்லாருக்கும் இது வரும். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அப்பா முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி ஸ்கேன் செய்து அனுப்பினார். அதன் பிறகு கேள்வி இல்லை. பணம் வருவதற்கு முன்பே இதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கேட்க மாட்டேன் என்ற அன்பளிப்புக் கடிதமும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒரு வருடத்தில் 1,00,000 டாலருக்கு மேல் அன்பளிப்பு வந்தால், வரி இல்லாவிட்டாலும் அமெரிக்க வரித்துறைக்கு 3520 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். விட்டால் அபராதம் கடுமை.

கிரீன் கார்டு நகலும் கேட்டார்கள். பட்டியலில் அது இல்லை. குடியுரிமை நிலையை வைத்துப் பாகுபாடு காட்டுவதை நகர மனித உரிமைச் சட்டம் தடுக்கிறது, எதற்காக வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள் என்று வக்கீல் இரண்டு வரி எழுதினார். அன்று மாலையே அந்தக் கோரிக்கையை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

கடைசியில் போர்டோடு நேர்காணல், ஜூமில், இருபது நிமிடம். நாய் உண்டா, வாத்தியம் வாசிப்பீர்களா, வீட்டிலிருந்து வேலையா என்றார்கள். கேட்டதற்கு மட்டும் பதில், நாமாக எதுவும் கேட்கக்கூடாது என்று புரோக்கர் சொல்லியிருந்தார். அது சரியான யோசனை. மறுநாள் சம்மதம் வந்தது. க்ளோசிங் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

சாவி வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. சாமான் ஏற்றிவரும் கம்பெனியின் காப்பீட்டுச் சான்றிதழில் கட்டடக் கம்பெனியின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். என்னுடையதில் ஒரு காற்புள்ளி விடுபட்டது என்று சர்வீஸ் லிஃப்ட்டைத் தர மறுத்தார்கள். லாரி வாசலில் நிற்க, திருத்தின சான்றிதழ் வர மதியம் இரண்டாகிவிட்டது. நாலு மணிக்கு மேல் லிஃப்ட் கிடையாது. கட்டில், மேஜை, புத்தகப் பெட்டிகள் எல்லாம் மூன்றே முக்காலுக்குள் மேலே போய்விட்டன. மாதிரிச் சான்றிதழை நிர்வாகத்திடம் முந்தின வாரமே வாங்கி, சாமான் கம்பெனிக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள்.